கழுவிய கால்களும் கழுவாத புண்ணும்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் நடைபெறும் பாதம் கழுவும் சடங்குக்கு எங்கள் பங்கில் ஆண்டுதோறும் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இயேசு தம் கடைசி இராவுணவின்போது சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் சடங்கு அது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பன்னிருவரில் ஒருவனாக என்னையும் அழைத்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. புது வேட்டி எடுத்தேன். அன்று பிற்பகல் குளிக்கும்போது குதிகால் வெடிப்புகளைக் கல்லால் தேய்த்துக் கழுவினேன், நகம் வெட்டிக்கொண்டேன். பீடத்தின் முன் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அமர்ந்தபோது, மற்ற பதினொருவரின் கால்களும் அவ்வாறே பளிச்சென்றிருப்பதைக் கண்டேன். பங்குத்தந்தை முழந்தாளிட்டு, ஒவ்வொருவர் வலக்காலிலும் செம்பிலிருந்து நீர் வார்த்து, வெள்ளைத் துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். எல்லாம் முடிந்து பீடச் சிறுவன் தாம்பாளத்தை எடுத்துச் சென்றபோது, அதிலிருந்த நீர் கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்தது போலத் தெளிவாக இருந்தது.

வீடு திரும்பியபோது இரவு ஒன்பது மணி. பின்கட்டில் விளக்கு எரிந்தது. அம்மா நாற்காலியில் அமர்ந்திருந்தார். எதிரே தரையில் அமர்ந்து, அவருடைய காலைத் தம் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, புண்ணைச் சலைன் நீரால் கழுவிக்கொண்டிருந்தார் எங்கள் கோவிலைப் பெருக்கும் அக்கா. அருகில் ஒரு வாளி, பஞ்சுப் பொட்டலம், கட்டுத்துணிச் சுருள். கூடவே எனக்குப் பழகிப்போயிருந்த, ஆனால் நான் அருகில் சென்று பார்த்திராத அந்த நாற்றம்.

“பூசைக்கு வரலையாக்கா?” என்று கேட்டேன்.

“கட்டு நனைஞ்சிருச்சு தம்பி. காலைல வரைக்கும் விட்டா ஊறிப்போகும்” என்றார். தலை நிமிரவில்லை.

அம்மாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு நோய். அந்தத் தவக்காலத்தின் தொடக்கத்தில், வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதையில் வெறுங்காலோடு நடந்தபோது கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ குத்தியிருக்கிறது. உணர்விழந்த பாதம், அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. முதலில் கண்டுபிடித்தவர் அந்த அக்காதான். கோவிலைப் பெருக்கும்போது, அம்மா வழக்கமாக அமரும் இடத்திலிருந்து வாசல்வரை சிறு சிறு கறைகளைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரமும் அதே இடம், அதே கறை. பெருக்குகிறவர் கண்ணுக்குத்தான் தரையில் இருப்பது தெரிகிறது. விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தவர் அவர்தான். நான் செய்ததெல்லாம் மருத்துவரிடம் அழைத்துச் சென்றதும் செலவுக்குப் பணம் கொடுத்ததும்.

அன்றிரவு நான் புது வேட்டியோடு அந்த வாசற்படியில் நின்ற நிலையைத்தான் இந்தக் கட்டுரையில் விளங்கிக்கொள்ள முயல்கிறேன். கிறிஸ்தவ நம்பிக்கை என்பது எங்கே வெளிப்படுகிறது? நான் வந்த இடத்திலா, அவர் வராமல் நின்ற இடத்திலா?

துண்டும் தண்ணீரும்

நான்கு நற்செய்திகளில் மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்றும் கடைசி இராவுணவில் அப்பத்தையும் இரசத்தையும் இயேசு பகிர்ந்தளித்ததை விவரிக்கின்றன. அதுவே இன்றுவரை கிறிஸ்தவ வழிபாட்டின் மையம். ஆனால், யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அதே இரவைப் பற்றிப் படித்தால், அப்பம் பகிரும் அந்தக் காட்சி இல்லை. அதற்குப் பதிலாக, உணவின் நடுவே இயேசு எழுந்து, மேலுடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். ஒருவர் பீடத்தை வைத்த இடத்தில் இன்னொருவர் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்பதுதான் விவிலிய அறிஞர் பலரின் கருத்து.

அந்தக் காலத்துப் பாலஸ்தீனத்தில் மக்கள் செருப்பணிந்தோ வெறுங்காலோடோ புழுதிச் சாலைகளில் நடந்தனர். விருந்துக்கு வந்தவரின் காலைக் கழுவுவது வீட்டு வேலையாளின் பணி. அவர்களிலும் கடைநிலையில் இருப்பவரின் பணி. யூத அடிமையிடம்கூட அந்த வேலையைக் கேட்கக் கூடாது என்று பிற்கால யூத அறிஞர்களின் விளக்கங்கள் பேசுகின்றன. ஆசான் ஒருவர் தம் மாணவர்முன் அதைச் செய்தபோது பேதுரு பதறிக் காலை இழுத்துக்கொண்டதில் வியப்பில்லை. நம் ஊரில் காலில் விழுவதும் காலைத் தொடுவதும் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதைச் சொல்லும் செயல்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கும் எதையும் மேலே இருப்பவர் மட்டுமல்லர், கீழே இருப்பவரும் எளிதில் ஏற்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று கழுவப்பட்ட கால்களில் யூதாசின் கால்களும் இருந்தன. யோவானின் விவரிப்பின்படி, கால் கழுவி முடிந்த பிறகுதான் அவன் எழுந்து இரவுக்குள் போகிறான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் கழுவினார் என்றால், தகுதி பார்த்துச் செய்வதன்று பணி என்பது பொருளாகிறது.

மாறிப்போன ஒரு சொல்

விவிலியத்தின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் தொண்டைக் குறிக்கும் ‘தியாகோனியா’ என்ற சொல் பலவகைப் பணிகளுக்கு வழங்கினாலும், பந்தியில் உணவு பரிமாறுவது அதன் அன்றாடப் பொருள்களில் ஒன்று. எருசலேமில் தொடக்கத் திருச்சபை சந்தித்த முதல் உட்பூசல்களில் ஒன்றே பந்தியைப் பற்றியதுதான். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாக முறையீடு எழுந்தது. அதைச் சரிசெய்ய ஏழு பேர் நியமிக்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்தின் முதல் மறைசாட்சி என்று போற்றப்படும் ஸ்தேவான், அந்த எழுவரில் ஒருவர். பந்தியில் பாகுபாடு நேராமல் பார்த்துக்கொள்வதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற அளவில்தான் அவருடைய கதை தொடங்குகிறது.

தமிழில் ‘பணி’ என்ற சொல் வேலையையும் குறிக்கும், வணங்குதலையும் குறிக்கும். இவ்வளவு பொருத்தமான சொல் வேறெந்த மொழியில் இருக்கிறதோ தெரியாது. ஆனால், தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே, சிறப்பாகச் சீர்திருத்தச் சபைகளில், பெரிதும் வழங்குவது ‘ஊழியம்’ என்ற சொல். பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலையின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையிலிருந்து விலக்குப் பெறுவதற்கே கிறிஸ்தவர்களான எளிய மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போராட வேண்டியிருந்தது. அதே சொல் இன்று மேடைப் பேச்சுக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியதாகிவிட்டது. ‘அவர் ஊழியத்தில் இருக்கிறார்’ என்றால் பிரசங்கம் செய்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். யாருக்கோ கஞ்சி ஊட்டுகிறார் என்று புரிந்துகொள்வதில்லை. கடைநிலை மனிதரின் சொல் மேடை ஏறியது நல்லதே. ஏறிய பிறகு தரையை மறந்ததுதான் குறை.

தொடக்க நூற்றாண்டுகளில் நிலைமை வேறாக இருந்தது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு எழுதிய கடிதம், நோயாளிகளை விட்டு ஓடாமல் பராமரித்து, அதனாலேயே உயிரிழந்த கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. நான்காம் நூற்றாண்டில் ஆயர் பசிலியார் செசரியா நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் இல்லம் எழுப்பினார். கிறிஸ்தவத்தை வெறுத்த பேரரசர் ஜூலியன் பெயரில் உள்ள கடிதம் ஒன்று, இவர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமின்றி நம் ஏழைகளையும் அல்லவா பராமரிக்கிறார்கள் என்று எரிச்சலோடு குறிப்பிடுகிறது. எதிர்ப்பாளரின் சாட்சியம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். அவருடைய கண்ணில் பட்டது அவர்களுடைய வாதமன்று, அவர்கள் செய்த வேலை.

கொல்லிமலையிலிருந்து வேலூருக்கு

நம் மண்ணிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. திண்டிவனத்தில் ஓரிரவு மூன்று கணவர்கள், ஒருவர்பின் ஒருவராக, தம் மனைவியரின் பேறுகாலத் துன்பத்துக்கு உதவி கேட்டு வந்து கதவைத் தட்டிய கதை பலருக்குத் தெரியும். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவருமே மறுக்க, விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த வீட்டிலிருந்த இளம்பெண்தான் இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர். அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த அழைப்பு வானத்திலிருந்து வந்த குரலன்று. வாசலில் நின்ற மூன்று மனிதர்களின் குரல். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் அல்லர்.

எனினும், பெரிய மருத்துவமனைகளைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஒரு வசதி கிடைத்துவிடுகிறது. ‘அது மகான்கள் செய்யும் வேலை’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். அதனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வேறொரு குடும்பத்தை.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் கொல்லிமலையில் வாழ்ந்து பணியாற்றினார்கள். அக்காலத்தில் மலைமக்களை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. படிக்கட்டுக் கிணற்று நீரின் வழியாக உடலுக்குள் செல்லும் புழு, முழங்கை நீளத்துக்கு மேல் வளர்ந்து, காலில் கொப்புளமாக வெளிப்படும். ஒரே இழுப்பில் இழுத்தால் அறுந்துபோய் உள்ளே சீழ் பிடிக்கும். புழுவின் நுனியைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாக வெளியே எடுக்கவேண்டும். ஒரு காலுக்கே பல நாள்கள் ஆகும். ஜெஸ்ஸி பிராண்ட் அந்தப் பொறுமையான வேலையைச் செய்தார். கிணற்றுக்குள் கால் நனைத்து இறங்காமல் நீர் எடுக்கவும் மக்களைப் பழக்கினார். 1929-இல் அவர் நோயுற்று இறந்த பிறகும் ஈவ்லின் மலைக்குத் திரும்பினார். ஓய்வுபெறும் வயது கடந்தபின்னும் மட்டக்குதிரை மீதமர்ந்து மலை மலையாகச் சென்றார். 95 வயதில், 1974-இல் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

1914-இல் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் அழுகி உதிர்வது அந்நோயின் இயல்பு என்றே அன்று பலரும் நம்பினர். பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்வை நாள் நாளாகக் கவனித்தனர். அடுப்பிலிருந்த சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தவர், பூட்டைத் திறக்க விரல் கிழியும்வரை திருகியவர், காலில் ஆணி ஏறியது தெரியாமல் நடந்தவர். தசை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாமல் பெருகுகிறது என்பது தெளிவாயிற்று. இரவில் தூங்கும்போது உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பதைக் கண்டறிந்து, நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தார்கள் என்ற செய்தியும் உண்டு.

மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியது பிராண்டுக்கு உலகப் புகழ் தந்தது. ஆனால், கால்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் அறுவை சிகிச்சையன்று. அழுத்தம் தாங்கும் மென்ரப்பர் செருப்பு, புண் ஆறும்வரை ஓய்வு, பிறகு நாள்தோறும் செய்யவேண்டிய சிறிய வேலைகள். காலை நீரில் ஊறவைப்பது, தடித்த தோலைத் தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பது. ஒருநாள் தவறினாலும் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டிய வேலை. இயேசு சீடர்களுக்குச் செய்ததையும் தொழுநோய்ப் பிரிவின் அன்றாட நடைமுறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் தேவையானவை தண்ணீர், துண்டு, குனியும் முதுகு ஆகிய மூன்றே.

இது தொழுநோயோடு முடிந்த கதையுமன்று. உணர்விழந்த பாதத்தைப் பற்றி அங்கே கற்ற பாடங்கள் நீரிழிவு நோயாளர்க்கும் பயன்படுகின்றன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. கண்பார்வை குறைந்த, குனிய முடியாத முதியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். தம் உள்ளங்காலைத் தாமே பார்க்க அவர்களால் முடியாது. இன்னொருவர் குனிந்தாக வேண்டும்.

இரண்டு கேள்விகள்

கிறிஸ்தவத் தொண்டு என்றதும் இரண்டு கேள்விகள் எழும். இரண்டையும் தவிர்த்துவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது.

முதல் கேள்வி வெளியிலிருந்து வருவது. இந்தத் தொண்டெல்லாம் மதம் மாற்றுவதற்கான தூண்டில்தானே? நான் குறிப்பிட்ட பலரும் தம் சமயத்தைப் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர்கள்தாம். அதை அவர்கள் மறைத்ததில்லை. ஆனால், தொண்டுக்கு இயேசு சொன்ன முதன்மையான உவமையே இந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்று நினைக்கிறேன். வழியில் கள்வர்களால் அடித்துப் போடப்பட்ட ஒருவனைக் குருவும் லேவியரும் விலகிக் கடந்து செல்கிறார்கள். யூதர்கள் தீட்டாகக் கருதிய சமாரியர் ஒருவர் நின்று, காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுத்துச் செல்கிறார். காயம்பட்டவன் பிற்பாடு சமாரியரின் கோவிலுக்குப் போனானா என்று உவமை சொல்வதில்லை. அவன் நன்றி சொன்னான் என்றுகூடச் சொல்வதில்லை. கைம்மாறு கேட்கும் கணமே தொண்டு வாணிபமாகிவிடுகிறது. ஒருவருடைய பசியையும் நோயையும் பயன்படுத்தி அவருடைய மனச்சான்றை விலைபேசுவது, பேசப்படும் சமயம் எதுவாயினும், இழிவு. அப்படிச் செய்யும் கிறிஸ்தவர் தம் ஆசானின் உவமையையே பொய்யாக்குகிறார்.

இரண்டாம் கேள்வியை நாங்களே எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் இருந்திருக்கிறது. தேர்ப்பவனி எந்தத் தெருவுக்குள் போகலாம், எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்ற வழக்குகள் இன்னும் தீரவில்லை. கைம்பெண்களின் பந்தியில் பாகுபாடு கூடாது என்று தொடங்கிய திருச்சபைக்கு இதைவிடப் பெரிய பின்னடைவு இல்லை. இதற்கடுத்து, விளம்பரம். ஐந்து கிலோ அரிசி கொடுக்கும் நிகழ்ச்சிக்கு நான்கு பதாகைகள். வாங்குகிறவரின் முகம் ஒளிப்படத்தில் தெரியவேண்டும் என்ற கட்டாயம். எங்கள் பங்கில் முதியோருக்குப் போர்வை வழங்கிய ஒரு விழாவில், படம் சரியாக விழவில்லை என்று ஒரு பாட்டியிடமிருந்து போர்வையைத் திரும்ப வாங்கி மீண்டும் கொடுத்தோம். கொடுத்த கைகளில் ஒன்று என்னுடையது. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இறுதித் தீர்ப்பைப் பற்றி மத்தேயு நற்செய்தியில் வரும் காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. பசித்தவனுக்கு உணவிட்டு, நோயுற்றவனைப் பார்க்கச் சென்றவர்களை அரசர் பாராட்டுகிறார். அவர்களுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாகச் சொல்கிறார். அவர்கள் மகிழ்வதற்குப் பதில் வியக்கிறார்கள். உமக்கு எப்போது இதையெல்லாம் செய்தோம் என்று கேட்கிறார்கள். கடவுளுக்காகச் செய்கிறோம் என்ற கணக்குக்கூட அவர்களிடம் இல்லை. பசி தெரிந்தது, உணவு கொடுத்தார்கள். அவ்வளவுதான். கட்டு நனைந்திருந்தது, மாற்ற வந்தார். அந்த அக்காவிடம் இது உங்கள் விசுவாசத்தின் வெளிப்பாடா என்று கேட்டிருந்தால், என்னைப் பைத்தியக்காரன் என்றே நினைத்திருப்பார்.

கற்றுக்கொண்டது

அந்தப் பெரிய வியாழனுக்கு அடுத்த வாரம், கட்டு மாற்றக் கற்றுத்தரும்படி அவரிடம் கேட்டேன். தம் கணவருக்கு இதே நோய் இருந்தபோது, அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரிடம் அவர் கற்றுக்கொண்ட வேலை அது. கையைச் சோப்பிட்டுக் கழுவுவது, பழைய கட்டைச் சலைனில் நனைத்து இளக்கிப் பிரிப்பது, புண்ணின் நிறத்தையும் விளிம்பையும் நாள்தோறும் கவனிப்பது, விரலிடுக்குகளில் ஈரம் இல்லாமல் ஒற்றுவது, இறுக்காமல் கட்டுவது, கருத்தாலோ வீங்கினாலோ காத்திராமல் மருத்துவரிடம் ஓடுவது. முதல் நாள் பாதியில் எழுந்துபோய்த் தோட்டத்தில் வாந்தியெடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்வரை காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் எதிர்பாராதது அம்மாவின் எதிர்ப்பு. “வேண்டாம்யா, நீ காலைத் தொடாதய்யா” என்று பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். தமக்குச் செய்யப்படும் பணிவிடையை ஏற்பதும் ஒரு பணிவுதான் என்பதும், பேதுருவுக்கு அது ஏன் கடினமாக இருந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கின. வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சமைத்துப் போட்டவர்களுக்குத் தமக்கொருவர் பரிமாறுவதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிவதில்லை. நாங்கள் இருவருமே பழக வேண்டியிருந்தது.

ஏழு மாதங்கள் காலையும் மாலையும் அந்த வேலையைச் செய்தேன். பக்தியோடு செய்தேன் என்று சொல்லமாட்டேன். எரிச்சலோடு செய்த காலைகள் உண்டு; அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று அம்மாவிடம் கடுமையாகப் பேசிய நாள்கள் உண்டு. பேசியதை நினைத்து மாலையில் வெட்கப்பட்ட நாள்களும் உண்டு. மனம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டு நனைந்திருக்கும். உணர்ச்சி வந்தபோது மட்டும் செய்வதாக இருந்திருந்தால் அந்தக் காலே மிஞ்சியிருக்காது. இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. காலைக் காப்பாற்ற முடிந்தது. புண் ஆறிய பிறகும், அம்மா இறக்கும்வரை நான்கு ஆண்டுகள், இரவில் படுக்குமுன் அவருடைய பாதங்களைக் கழுவித் துடைத்து, விளக்கைக் கிட்டே பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. நான் செய்த இறைவேண்டல்களில் அதைவிட நேர்மையான ஒன்று நினைவில் இல்லை.

நாம் ஒவ்வொருவரும் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. நம் தெருவில் மாத்திரைச் சீட்டைப் படிக்கத் தெரியாத ஒருவர் இருப்பார். ஓய்வூதிய அலுவலகத்துக்குத் துணையின்றிப் போகத் தயங்கும் ஒருவர் இருப்பார். படுக்கையில் கிடக்கும் கணவரைப் பல மாதங்களாகக் கவனித்துவரும் ஒரு பெண், யாராவது இரண்டு மணிநேரம் மாற்றி அமர்ந்தால் போதும், தூங்கி எழலாம் என்று ஏங்கிக்கொண்டிருப்பார். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், பெருக்குகிறவரைப் போல நாமும் சற்றுத் தரையைப் பார்க்க வேண்டும். வலி தெரியாத பாதம்தான் புண்ணாகிறது. அக்கம்பக்கத்தாரின் வலி தெரியாத சமூகத்துக்கும் அதே கதிதான். சமயம் எதுவாயினும் இதில் வேறுபாடில்லை. கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்கிற எனக்குக் கூடுதலாக ஒரு கடன் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இரவின் துண்டும் தண்ணீரும் என்னிடம் கையளிக்கப்பட்டவை.

நெடுங்காலமாக இந்தச் சடங்கு ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. போப் பிரான்சிஸ் 2013-இல் ரோம் நகரில் இளஞ்சிறார் சிறை ஒன்றுக்குச் சென்று, பெண்களும் முஸ்லிம்களும் அடங்கிய பன்னிருவரின் கால்களைக் கழுவினார். 2016 ஜனவரியில் பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி மாற்றப்பட்டது. எங்கள் பங்குக்கு அந்த மாற்றம் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. முதன்முறையாகப் பெண்களை அழைத்தபோது கோவில் அக்காவின் பெயரைச் சொன்னேன். அவர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை பங்குத்தந்தையே வீட்டுக்குப் போய்க் கேட்டதால் ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை அவர் சற்றுத் தாமதமாகத்தான் வந்தார். பக்கத்துத் தெருவில், வேறு சமயத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவருக்குக் கட்டு மாற்றிவிட்டு நேராக வந்திருந்தார். கால் கழுவ நேரமில்லை. கடைசி நாற்காலியில், புழுதி படிந்த காலை நீட்டத் தயங்கி, விரல்களை மடக்கியபடி அமர்ந்தார். பங்குத்தந்தை நீர் வார்த்தார். போதாமல் மீண்டும் வார்த்தார். பிறகு கையால் தேய்த்துக் கழுவினார். பீடச் சிறுவன் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து சென்றபோது பார்த்தேன். நீர் கலங்கி, எங்கள் ஊர்ச் செம்மண் நிறத்தில் இருந்தது.